செயின்சா பெட்ரோலுக்கு 2டி ஆயில்: லிட்டருக்கு 20 மில்லியா, 40 மில்லியா, 50 மில்லியா?

தோப்புக்காரன் | சனி, இரவு 9:40
எல்லாருக்கும் வணக்கம். ஆனைமலைப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னை. வேர் வாடல் நோய் வந்து 40 மரத்துக்கு மேல் வீணாய் நிற்கிறது. வெட்ட ஆள் கூப்பிட்டால் மரத்துக்கு இவ்வளவு என்று கேட்கிற கூலியில் மரம் அறுக்கிற செயின்சா மெஷின் ஒன்றே வாங்கிவிடலாம் போலிருந்தது, போன வாரம் வாங்கியும்விட்டேன். 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற தகடு), சீனத் தயாரிப்புதான். கூட வந்த புத்தகத்தில் பெட்ரோலோடு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்க 25:1 என்று போட்டிருக்கிறது. விற்ற கடைக்காரர் "லிட்டருக்கு 50 மில்லி ஊத்துங்க, அதைத்தான் 50:1னு சொல்றது" என்றார். டவுனில் ஸ்பேர் கடைக்காரர் 20 மில்லி போதும் என்கிறார். என் மாமா, ஆயில் எவ்வளவு கூடினாலும் மெஷினுக்கு நல்லதுதான், குறைந்தால்தான் ஆபத்து என்று சொல்லி அவர் கையாலேயே ஒரு மூடி சேர்த்து ஊற்றினார். நாலு பேர், நாலு கணக்கு. மூன்று டேங்க் ஓட்டியாகிவிட்டது. புகை கண்ணைக் கரிக்கிறது, சைலன்சர் வாயில் தார் மாதிரி கறுப்பாக ஏதோ வழிகிறது. எதுதான் சரி?

சவுக்குக்காடு | சனி, இரவு 10:05
40 மில்லி. விஷயம் முடிந்தது. கடலூர்ப் பக்கம் பன்னிரண்டு வருடமாகச் சவுக்கும் தைலமரமும் வெட்டுகிறேன், நாலு மெஷின் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் லிட்டருக்கு 40தான். ஒரு பிஸ்டன்கூட இதுவரை ஜாம் ஆனதில்லை. 20 மில்லி என்று சொல்கிறவன் ஸ்பேர் விற்கிறவன், அவனுக்கு உங்கள் பிஸ்டன் போனால்தானே வியாபாரம்.

பழைய_மெக்கானிக் | சனி, இரவு 10:48
கடைக்காரர் சொன்ன 50 மில்லிக் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். 50:1 என்றால் ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். ஆயிரத்தை ஐம்பதால் வகுத்தால் 20. ஆக 50:1 என்பது லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. லிட்டருக்கு 50 மில்லி ஊற்றினால் அது 20:1, மாமா ஊற்றிய மூடியும் சேர்ந்தால் இன்னும் கீழே போகும். அந்தக் காலத்தில் 16:1 கூட ஊற்றியிருக்கிறார்கள், அப்போது ஆயிலின் தரம் அப்படி. இப்போதைய ஆயிலுக்கு அது தேவையில்லை. சைலன்சரில் வழிகிறது தார் இல்லை, எரியாமல் வெளியே வந்த ஆயில்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் தனியாகத் தேங்கி நிற்க இடம் கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் கீழே கிராங்க் இருக்கும் அறைக்குள் போய், பேரிங்கை நனைத்து, அப்புறம்தான் பிஸ்டனுக்கு மேலே ஏறுகிறது. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் மொத்த இன்ஜினுக்கும் ஒரே பாதுகாப்பு. அதனால் மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அவர் சொன்னதற்கு நேர் எதிர்.

எத்தனை மில்லி என்று சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள்? டின்னின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆர்எக்ஸ்_பைத்தியம் | சனி, இரவு 11:30
இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? நான் 1994 ஆர்எக்ஸ் 100 இன்னும் ஓட்டுகிறேன். ஆயில் டேங்க்கில் எப்போதாவது ஊற்றுவதோடு சரி, லிட்டருக்கு 15 மில்லிகூடச் செலவாகாது. அதுவும் டூ ஸ்ட்ரோக்தான், இதுவும் டூ ஸ்ட்ரோக்தான்.

பழைய_மெக்கானிக் | ஞாயிறு, காலை 6:15
தம்பி, ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க்கும் தனி பம்ப்பும் உண்டு. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்குகிறாயோ அதற்குத் தக்கபடி பம்ப் ஆயிலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சும்மா உருட்டிக்கொண்டு போகும்போது மிகக் குறைவாகத்தான் கொடுக்கும், உன் 15 மில்லி அந்தச் சராசரி. செயின்சாவில் அந்த வித்தை கிடையாது, கலந்து வைத்ததுதான் எல்லா வேகத்துக்கும். பைக்கை நீ முழு ஆக்சிலேட்டரில் எவ்வளவு நேரம் வைத்திருப்பாய்? செயின்சா மரத்துக்குள் இறங்கினால் கடைசிவரை முழு ரேஸ்தான், பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில். மேலே அடிக்க ரோட்டுக் காற்றும் கிடையாது, ஃப்ளைவீல் இறக்கை வீசுகிற காற்று மட்டும். அதிலும் மரத்தூள் போய்ச் சிலிண்டர் இடுக்குகளில் அடைத்துக்கொள்ளும். ஒப்பிட வேண்டுமென்றால் பழைய டிவிஎஸ் 50ஐச் சொல், அதற்குப் பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்றினோம்.

தோப்புக்காரன் | ஞாயிறு, காலை 8:20
அண்ணா, பார்த்துவிட்டேன். பங்க்கில் வாங்கிய 2டி. பின்னால் "ஜாசோ எஃப்பி" என்று இருக்கிறது. அப்புறம் என் மச்சான் தூத்துக்குடியில் இருக்கிறான், படகு இன்ஜினுக்கு ஊற்றுகிற ஆயில் நிறைய இருக்கிறது, ஒரு கேன் அனுப்பட்டுமா என்கிறான். அதில் "டிசி-டபிள்யூ3" என்று போட்டிருக்கிறதாம். அதுவும் 2டிதானே?

பழைய_மெக்கானிக் | ஞாயிறு, காலை 9:02
மச்சானுக்கு நன்றி சொல்லி அந்தக் கேனை அவரிடமே விட்டுவிடுங்கள். டிசி-டபிள்யூ3 என்கிற அந்தத் தரம் தண்ணீரால் குளிரும் அவுட்போர்டு மோட்டாருக்கு. கடல் தண்ணீர் சுற்றி ஓடுகிற சிலிண்டர் சூடே வேறு. செயின்சா காற்றில் குளிர்கிறது, சிலிண்டர் அதைவிட எவ்வளவோ அதிகமாய்ச் சுடும், அந்தச் சூட்டுக்கு அந்த ஆயில் தாங்காது. செயின்சா கம்பெனிகளின் கையேட்டிலேயே படகு ஆயில் வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு ஊற்றுகிற 20டபிள்யூ-40ஐயும் யாராவது சொல்வார்கள், அதுவும் கூடாது. அது எரிவதற்காகச் செய்த ஆயில் இல்லை, எரிந்தால் சாம்பலாய்ப் பிஸ்டன் தலையில் ஒட்டும்.

ஜாசோ என்பது ஜப்பான்காரர்கள் வைத்த தர வரிசை. எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று மேலே போகும். எஃப்பி சுமார். எஃப்சி புகை குறைவு. எஃப்டி என்றால் அதே குறைந்த புகையோடு சூட்டில் கரி கட்டாமல் கழுவிக்கொண்டு போகும் குணமும் கூடுதல். ஐஎஸ்ஓ வரிசையில் இதையே ஈஜிபி, ஈஜிசி, ஈஜிடி என்று போடுவார்கள். இரண்டில் ஒன்று டின்னில் இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

எத்தனை மில்லி என்று இங்கே அடித்துக்கொள்கிற சண்டை பாதி இதனால்தான். ஹஸ்க்வர்னா என்கிற செயின்சா கம்பெனியின் பழைய கையேடுகளில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? எங்கள் ஆயில் ஊற்றினால் 50:1, எஃப்பி தரத்தில் வேறு ஆயில் ஊற்றினால் 33:1. ஸ்டில் என்கிற இன்னொரு கம்பெனியின் பழைய கையேட்டில் அவர்கள் ஆயிலுக்கு 50:1, வேறு ஆயிலுக்கு 25:1. மெஷின் அதே மெஷின்தான், ஆயில் மாறினால் மில்லி மாறுகிறது. உங்கள் சீன மெஷின் புத்தகம் 25:1 என்று சொல்வதும் வாங்குகிறவன் எந்த ஆயிலை ஊற்றுவானோ என்ற பயத்தில்தான் என்பது என் எண்ணம்.

பேராவூரணி_தென்னை | ஞாயிறு, மதியம் 1:35
நீங்கள் எல்லாரும் 20, 40 என்று பேசுகிறீர்கள், நான் பூஜ்ஜியத்தின் கதை சொல்கிறேன்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்தது. எங்கள் தோப்பில் 180 மரத்தில் இருபத்திரண்டுதான் நின்றது. தெருவெல்லாம் தென்னை குறுக்கே கிடக்கிறது, கரண்ட் கிடையாது, குடிதண்ணீர் ஏற்ற ஊருக்கே ஒரு ஜெனரேட்டர். வெளியூரிலிருந்தெல்லாம் மெஷின்காரர்கள் வந்தார்கள், நானும் இரவல் வாங்கிய செயின்சா ஒன்றை வைத்து அறுத்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் இரண்டு வெள்ளைக் கேன், ஒரே அளவு. ஒன்றில் ஜெனரேட்டருக்கு வெறும் பெட்ரோல், இன்னொன்றில் ஆயில் கலந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம், இருட்டுகிற நேரம், பையனிடம் "அந்த கேனை எடுத்தா" என்றேன், அவன் எடுத்து வந்தான், ஊற்றினேன்.

முதலில் மெஷின் என்றைக்கும் இல்லாத வேகத்தில் கத்தியது. ஆஹா, இன்றைக்கு நல்ல பவர் என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அடிமரத்தில் பாதி போயிருக்கும். கீச்சென்று ஒரு சத்தம், அப்படியே நின்றது. கயிற்றை இழுத்தால் கயிறு வரவில்லை, மெஷின்தான் கையோடு மேலே வந்தது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனைச் சுற்றி நாலு பக்கமும் நகத்தால் பிறாண்டிய மாதிரி கோடு. இரவல் மெஷின், புதுச் சிலிண்டர் செட் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கலவைக் கேன் சிவப்பு, வெறும் பெட்ரோல் கேன் வெள்ளை. ஆயிலில் நீலமோ பச்சையோ சாயம் போட்டிருப்பார்கள், கலந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியத்தான் அது. ஆனால் இருட்டில் அந்தச் சாயம் என்ன செய்யும்.

ஆர்எக்ஸ்_பைத்தியம் | ஞாயிறு, மதியம் 2:10
"நல்ல பவர் என்று நினைத்தேன்" 😂 அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள், சிரித்துவிட்டேன்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:50
மாமா சொன்னதில் மீதிப் பாதி நேர் எதிர் என்று மெக்கானிக் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டார், நான் தொடர்கிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரின் துளை வழியாகப் போகிற திரவம் அளவானது. அதில் ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்து காற்று அதே அளவு இருந்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் "லீன்" என்பார்கள், சிலிண்டர் கூடுதலாகச் சுடும். ஆக, ஆயிலை அள்ளி ஊற்றினால் உராய்வு குறையும், ஆனால் சூடு ஏறும்.

எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் கலவையில் 50:1 என்றால் 980 மில்லி பெட்ரோல். 25:1 என்றால் 962 மில்லி. வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவுதான்.

இப்போது பங்க்குக்கு வாருங்கள். அங்கே 20 சதவீதம் எத்தனால் (ஒரு வகைச் சாராயம்) கலந்த பெட்ரோலைத்தான் ஊற்றுகிறார்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்தால் இந்த எண் சுமார் 13.5க்கு இறங்குகிறது. அதாவது கார்புரேட்டர் திருகை யாரும் தொடாமலே உங்கள் மெஷின் எட்டு சதவீதம் லீன் ஆகிவிட்டது. பழைய 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டாலும் நாலு சதவீதம். இருபதா நாற்பதா என்று இங்கே ஒரு நாளாகச் சண்டை நடக்கிறது, அதைவிடப் பெரிய மாற்றத்தைப் பங்க்கில் நமக்கே தெரியாமல் ஊற்றிவிட்டார்கள்.

சவுக்குக்காடு | ஞாயிறு, மாலை 6:20
வாத்தியார் ஐயா, மெஷின் கணக்குப் போட்டா ஓடுகிறது? காட்டில் வந்து ஒரு நாள் நின்று பாருங்கள். 40 மில்லி ஊற்றி, எட்டு மணி நேரம் ஓட்டி, சாயங்காலம் சிலிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். போன வருடத்திலிருந்து கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு அடிக்கடி போகிறது. ஒன்று வாங்கிப் போட்டால் வருடக்கணக்கில் வரும், இப்போது ஒரு வருடத்துக்குள் மூன்று மாற்றியாகிவிட்டது. டேங்க்கில் இருந்து வருகிற பெட்ரோல் டியூப்பும் ஊறி, கொழகொழவென்று ஆகிவிடுகிறது. மட்டமான ஸ்பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏற்காடு_மிளகு | ஞாயிறு, இரவு 8:45
அது ஸ்பேரின் குற்றம் மட்டும் இல்லை. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் ஆரம்பித்த இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தான் 2025க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைக்கும்.

எங்கள் எஸ்டேட்டில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு வருடா வருடம் நிழல் கழிக்க வேண்டும். இரண்டு மெஷின். ஒன்று ஸ்டில் எம்-ட்ரானிக், கார்புரேட்டரை அதுவே சரிசெய்துகொள்கிற ரகம். இன்னொன்று கையால் திருகுகிற பழைய ரகம். கையேட்டில் தெளிவாக இருக்கிறது: கையால் திருகுகிற கார்புரேட்டர் என்றால் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், எம்-ட்ரானிக் என்றால் 27 வரைக்கும் தாங்கும். நாங்கள் அந்த வரியைப் படித்தது பழைய மெஷின் படுத்த பிறகுதான்.

படுத்ததற்குக் காரணம் ஆயில் அளவு இல்லை. ஐப்பசி மழையில் வேலை நின்றது. கலந்து வைத்த ஐந்து லிட்டர் கேன், பாதி காலி, மூடி சரியாக இறுகாமல் இரண்டு மாதம் மூலையில் கிடந்தது. ஏற்காட்டு மழைக்கால ஈரம் உங்களுக்குத் தெரியும், துவைத்த துணி மூன்று நாளைக்குக் காயாது. எத்தனால் அந்த ஈரத்தைக் குடித்திருக்கிறது. தையில் எடுத்து ஊற்றினோம். ஸ்டார்ட் ஆனது, இருமியது, நின்றது. மறுபடி ஸ்டார்ட், கொஞ்சம் ரேஸ், நின்றது. ஐந்தாம் தடவை நின்றபோது கம்ப்ரஷனே (சிலிண்டருக்குள் அழுத்தமே) இல்லை.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | திங்கள், மாலை 5:30
ஏற்காட்டுக்காரர் சொன்னதை இன்றைக்கு வீட்டுக் கொல்லையில் செய்து பார்த்தேன். (பீடி, அடுப்பு, செல்போன் சார்ஜர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் திறந்த வெளியில். பிள்ளைகளை விலக்கிவிட்டுத்தான்.)

அளவுக்கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் 100 மில்லி பங்க் பெட்ரோல், அதோடு 10 மில்லி தண்ணீர். மூடி, குலுக்கி, கால் மணி நேரம் விட்டேன். தண்ணீர் கனமானது, பத்து மில்லிதான் அடியில் நிற்க வேண்டும். ஆனால் கோடு 28க்குப் பக்கத்தில் நின்றது. கூடுதலாக வந்த பதினெட்டு எங்கிருந்து வந்தது? பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு ஓடிப் போய்விட்டது.

அப்புறம் இதையே 2டி ஆயில் கலந்த பெட்ரோலில் செய்தேன். பிரிந்த பிறகு கீழ் அடுக்கில் ஒரு துளி, மேல் அடுக்கில் ஒரு துளி எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டில் வைத்து உலரவிட்டேன். மேல் துளி காய்ந்த இடத்தில் விரல் வழுக்குகிறது. கீழ்த் துளி காய்ந்த இடத்தில் விரல் தேய்கிறது, பிசுக்கே இல்லை. ஆயில் முழுக்கப் பெட்ரோலோடு மேலே தங்கிவிட்டது.

இப்போது உங்கள் மெஷின் டேங்க்கை நினைத்துப் பாருங்கள். டியூப் நுனியில் ஃபில்டர் கனத்துக்கு எங்கே கிடக்கும்? அடியில். பழைய கலவை பிரிந்திருந்தால் மெஷின் முதலில் உறிஞ்சுவது ஆயில் இல்லாத எத்தனால் தண்ணீரைத்தான். நீங்கள் 20 ஊற்றினாலும் சரி, 40 ஊற்றினாலும் சரி.

சவுக்குக்காடு | திங்கள், இரவு 7:15
அப்படியென்றால் அந்த வழியிலேயே எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு மேலே நிற்கிற பெட்ரோலை மட்டும் ஊற்றினால் என்ன?

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | திங்கள், இரவு 7:40
வேண்டாம். எத்தனால் போனால் ஆக்டேனும் (பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்குகிற அளவு) அதோடு கொஞ்சம் போகும், பெட்ரோலில் மிச்ச ஈரமும் நிற்கும், கழுவிய எத்தனால் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? நான் 100 மில்லிக்குச் செய்தது சோதனை. நீங்கள் லிட்டர் கணக்கில் செய்தால் தீயணைப்பு வண்டி வரும்.

பேராவூரணி_தென்னை | திங்கள், இரவு 8:05
எக்ஸ்பி100 என்று ஒரு பெட்ரோல் இருக்கிறதே, அதில் எத்தனால் இல்லை என்கிறார்கள்?

ஏற்காடு_மிளகு | திங்கள், இரவு 8:30
இல்லைதான், ஆனால் சென்னை, பெங்களூரு மாதிரி பெரிய ஊர்களில் சில பங்க்குகளில் மட்டும் கிடைக்கும், விலையும் கிறுகிறுக்க வைக்கும். ஆக்டேனுக்காக யாரும் வாங்க வேண்டாம். ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டும் கேட்பது 90, நம் சாதாப் பெட்ரோலே அதைத் தாண்டும். எத்தனால் இல்லாததுதான் லாபம். நாங்கள் சென்னை போகும்போது ஐந்து லிட்டர் வாங்கி வந்து, சீசன் முடிந்து மெஷினை மூடி வைக்கும்போது கடைசி டேங்க் மட்டும் அதை ஓட்டி நிறுத்துகிறோம். தினசரி வேலைக்குச் சாதாப் பெட்ரோல்தான், ஆனால் அன்றைக்குக் கலந்தது.

பழைய_மெக்கானிக் | திங்கள், இரவு 9:50
வாத்தியார் கையைக் கொடுங்கள். முப்பது வருடமாக நான் பிஸ்டனைப் பார்த்து ஊகித்ததை ஜாடியில் காட்டிவிட்டீர்கள். என் பட்டறைக்கு வருகிற பத்து ஜாம் மெஷினில் ஆயில் குறைவால் போனது ஒன்றோ இரண்டோதான். பேராவூரணிக்காரர் மாதிரி ஆயிலே இல்லாமல் ஓட்டியிருந்தால் பிஸ்டனைச் சுற்றிலும் கோடு விழும். லீன் ஆகிச் சூட்டில் போனால் முதலில் சைலன்சர் பக்கம் மட்டும் விழும், அந்தப் பக்கம்தான் சூடு அதிகம். எனக்கு வருவதில் நிறைய இந்த இரண்டாவது ரகம். பழைய பெட்ரோல், கிழிந்த டியூப், காற்று இழுக்கிற ரப்பர் வாய், அல்லது வேலை தெரியாதவன் திருகிய கார்புரேட்டர்.

தோப்புக்காரருக்கு இப்போது பதில் சொல்கிறேன். எஃப்பி பாக்கெட் மீதி இருந்தால் புத்தகம் சொன்னபடி லிட்டருக்கு 40 ஊற்றித் தீர்த்துவிடுங்கள், புது மெஷின் பழக அது நல்லதுதான். அடுத்த தடவை எஃப்டி தரம் வாங்குங்கள். அதற்கும் மெஷினுக்கு வாரண்டி இருக்கும்வரை புத்தகத்தில் போட்டதையே ஊற்றுங்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் "நீங்க 20 ஊத்தினீங்க" என்று கை விரிப்பார்கள். வாரண்டி முடிந்த பிறகு நானாக இருந்தால் சீன மெஷினுக்கு 30 ஊற்றுவேன். அது என் பழக்கம், வேதவாக்கு இல்லை. எதை ஊற்றினாலும் அதற்குத் தக்கபடி கார்புரேட்டரை ஒருமுறை வைத்துவிட்டு அப்புறம் அளவை மாற்றாதீர்கள்.

எப்படி வைப்பது? மெஷினை நன்றாகச் சூடாக்குங்கள், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். மரத்தில் வைக்காமல் ஒரு கணம் முழு ரேஸ் கொடுத்துக் காதை வையுங்கள். சுத்தமாகக் கீச்சென்று ஊளையிட்டால் லீன். கார்புரேட்டரில் "எச்" என்று போட்ட திருகை இடது பக்கம் துளி, கடிகார முள் ஐந்து நிமிடம் நகர்கிற அளவு, திறங்கள். சத்தத்தில் லேசாகப் பர்ர்ர் என்று ஒரு விக்கல் வர வேண்டும், மரத்தில் இறக்கியதும் அந்த விக்கல் மறைந்து சுத்தமாக அறுக்க வேண்டும். அதுதான் இடம். காது பழகாதவர்கள் கொஞ்சம் விக்கல் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். புகை வரும், போகட்டும், பிஸ்டன் இருக்கும்.

நாளைக்கு மெஷின் குளிர்ந்த பிறகு சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பிஸ்டன் தெரியும்.

தோப்புக்காரன் | செவ்வாய், மாலை 6:10
அண்ணா, கழற்றினேன். சைலன்சர் வாயில் சின்னதாக ஒரு கம்பி வலை இருந்தது, பொறி வெளியே போகாமல் இருக்கத்தானே? முக்கால்வாசி அடைத்திருந்தது, ஊதினால் காற்றே போகவில்லை. ரெண்டு நாளாகப் பவர் இல்லை, செயின் மொக்கை என்று நினைத்து அரத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தேன், காரணம் இந்த வலை. பெட்ரோலில் ஊறவைத்துப் பிரஷ் போட்டேன், வந்துவிட்டது. பிஸ்டனில் கோடு எதுவும் இல்லை, சாம்பல் நிறத்தில் மினுமினுக்கிறது. மாமாவிடம் வலையைக் காட்டினேன். பார்த்துவிட்டு "மெஷின் சரியில்லை" என்று போய்விட்டார்.

இன்னொன்று, செயினுக்கு ஆயில் விடுகிற, பார் பக்கம் இருக்கிற டேங்க்குக்குப் பழைய டிராக்டர் ஆயில் ஊற்றலாமா? நிறைய இருக்கிறது.

பழைய_மெக்கானிக் | செவ்வாய், இரவு 8:00
ஊர் முழுக்க அதைத்தான் ஊற்றுகிறார்கள், நான் ஊற்ற மாட்டேன். வேஸ்ட் ஆயிலில் இரும்புப் பொடி மிதக்கும், ஆயில் பம்ப் தேய்ந்து போகும். செயின் சுற்றும்போது அது முழுக்க உங்கள் கையிலும் முகத்திலும்தான் தெறிக்கும், தோலுக்குக் கெடுதல். செயின் ஆயில் கொஞ்சம் ஒட்டும் தன்மையோடு செய்தது, நுனியில் திரும்பும்போது தெறித்துப் போகாமல் பிடித்துக்கொள்ளும். கிடைக்கவில்லையென்றால் புது இன்ஜின் ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள். தென்னை வெளி வைரம் செயினைச் சீக்கிரம் தின்னும், ஆயில் இல்லாமல் ஓட்டினால் பாரும் போய்விடும். பெட்ரோல் ஒரு டேங்க் தீரும்போது செயின் ஆயில் டேங்க்கும் கிட்டத்தட்டக் காலியாக வேண்டும். அப்படியே நிறைந்திருந்தால் ஆயில் வரவில்லை என்று அர்த்தம்.

சவுக்குக்காடு | செவ்வாய், இரவு 8:25
எல்லாம் சரி, நான் 40தான் ஊற்றுவேன். ஆனால் இருபது லிட்டர் கேனில் மாதத்துக்கு ஒரு தடவை கலக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். இனிமேல் ஐந்து லிட்டர் கேன், வாரத்துக்கு வாரம்.

பழைய_மெக்கானிக் | செவ்வாய், இரவு 8:31
ஊற்றுங்கள் ஐயா. உங்கள் மெஷின், உங்கள் புகை.

தோப்புக்காரன் | ஞாயிறு, காலை 10:15
ஒரு வாரம் கழித்து வருகிறேன். பங்க்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், பெட்ரோலுக்கென்றே செய்த ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன், சிவப்பு. மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாமல். மெடிக்கல்காரர் மாட்டுக்கா என்றார், மெஷினுக்கு என்றேன், ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு சிரிஞ்ச் ஒரு லிட்டருக்கு. முதலில் பாதிப் பெட்ரோல், அப்புறம் ஆயில், அப்புறம் மீதிப் பெட்ரோல், மூடி நன்றாகக் குலுக்கல். இரண்டு லிட்டருக்கு மேல் கலப்பதில்லை, கேனில் தேதி எழுதி ஒட்டுகிறேன். சாயங்காலம் டேங்க்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கிறவரை ஓடவிடுகிறேன். இதுவரை பதினாறு மரம் சாய்த்தாகிவிட்டது, கண் கரிக்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். கடைக்காரர் கணக்கும் மாமா மூடியும் சேர்ந்த பழைய கலவை மூன்று லிட்டர் அப்படியே இருக்கிறது. கீழே கொட்ட மனசு வரவில்லை. என்ன செய்வது?

பேராவூரணி_தென்னை | ஞாயிறு, காலை 10:40
ஊரில் யாராவது இன்னும் பழைய டிவிஎஸ் 50 ஓட்டுகிறார்களா பாருங்கள். கலவை இரண்டு வாரம்தானே ஆகிறது, அடியில் பிரிந்து நிற்கவில்லை என்று பாட்டிலில் ஊற்றிப் பார்த்துவிட்டு, வெறும் பெட்ரோலோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள்.

தோப்புக்காரன் | ஞாயிறு, இரவு 7:55
பால்காரர் வாங்கிக்கொண்டார். வண்டி நன்றாக ஓடுகிறதாம், பின்னால் வருகிறவர்கள்தான் திட்டுகிறார்களாம்.